கை கொடுக்கும் அச்சுப்பொறி



காலையில் கண் விழித்தது முதல் இரவு உறங்கச் செல்லும் வரை நம் கைகள் எத்தனை பணிகளைச் செய்கின்றன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? பல் துலக்குவது கை. சட்டைப் பொத்தானை மாட்டுவது கை. எழுதுகோலைப் பிடிப்பது கை. பால்மரத்தைச் சீவுவதும் செம்பனைக் குலையை இறக்குவதும் கை. அம்மா நமக்குச் சோறு பிசைந்து ஊட்டியதும் கையால்தான். இருக்கும்பொழுது அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. இழந்தவரே அதனை நன்கு அறிவர்.

இதனை நான் ஏட்டில் படித்து அறிந்தேனல்லேன்; என் இல்லத்தில் கண்டறிந்தேன். 1966ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. தோட்டத்து ரப்பர் ஆலையில், உறைந்த பாலைத் தகடாக உருட்டும் இயந்திரத்தில் என் தந்தையாரின் வலக்கை சிக்கிக்கொண்டது. நடு விரல்கள் மூன்றும் போயின; கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் எஞ்சின. அன்று முதல் அவர் தோளில் கிடந்த துண்டு, கையைச் சுற்றிக்கொண்டது. வெளியார் எதிரில் அதனை அவர் எடுத்ததே இல்லை. நாள்தோறும் பள்ளிக்குப் புறப்படுமுன் அவருடைய சட்டைப் பொத்தான்களை மாட்டிவிடுவது என் வேலையாயிற்று. ஒருநாள் அவர், “ஐயா, பிள்ளைக்குத் தகப்பன் பொத்தான் மாட்டுவதுதானே வழக்கம்! நம் வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டதே” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்புக்குள் இருந்த வேதனை அந்நாளில் எனக்கு விளங்கவில்லை.

பல்லாண்டுகள் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர், வீட்டு மேசையில் வைக்கத்தக்க சிறு இயந்திரம் ஒன்றினால் செயற்கைக் கைகள் செய்யப்படுவதைப் பற்றி அறிந்தேன். அறிந்ததும் என் தந்தையார் நினைவே முதலில் வந்தது. அந்த விந்தையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கையின் அமைப்பு

செயற்கைக் கையைப் பற்றி அறியுமுன் இயற்கைக் கையைச் சற்று நோக்குவோம். நம் ஒவ்வொரு கையிலும் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 விரல்களில் உள்ளவை. கட்டை விரலில் இரண்டும் ஏனைய நான்கு விரல்களில் மும்மூன்றும் எனக் கணக்கிட்டுப் பாருங்கள், சரியாக வரும். உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8.

இனி ஒரு சிறு சோதனை. உங்கள் இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். முன்கைக்குள் ஏதோ நெளிவதை உணர்வீர்கள். விரல்களை இழுத்து மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. தசைநாண் என்னும் உறுதியான கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து சென்று விரல் எலும்புகளைப் பற்றியுள்ளன. தசை சுருங்கினால் நாண் இழுபடும். நாண் இழுபட்டால் விரல் மடங்கும். பொம்மலாட்டக்காரர் நூலை இழுக்கப் பொம்மை கையசைப்பதில்லையா? அதனைப் போன்றதே இதுவும். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், செயற்கைக் கையின் இரகசியம் பாதி விளங்கிவிடும்.

முன்னோர் செய்த முயற்சிகள்

இழந்த கைக்கு ஈடு தேடும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஜெர்மானிய நாட்டுப் போர்வீரர் கோட்ஸ் என்பவர் 1504ஆம் ஆண்டில் நடந்த போரில் தம் கையை இழந்தார். அவருக்காகச் செய்யப்பட்ட இரும்புக் கை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் விரல்களை மற்றொரு கையால் மடக்கி வைத்தால் அவை அப்படியே பூட்டிக்கொள்ளும்; விசையை அழுத்தினால் விரியும். ஆயினும் அத்தகைய கையைச் செய்விக்கப் பெருஞ்செல்வம் வேண்டும். ஏழை வீரன் என்ன செய்வான்?

1840ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஜான் கோல்ஸ் என்னும் படைவீரர் பீரங்கி விபத்தொன்றில் கையை இழந்தார். அவ்வூர்ப் பல் மருத்துவர் இராபர்ட் நார்மன், திமிங்கில எலும்பினால் அவருக்கு ஒரு கை செய்து கொடுத்தார். அதன் விரல்கள் கயிறுகளாலும் சிறு கப்பிகளாலும் இயங்கின. இந்தப் பழைய கையைப் பற்றிய குறிப்பு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் பயன்படப் போகிறது என்பதை அந்தப் பல் மருத்துவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இங்கு இந்தியாவின் ஜெய்ப்பூர்க் காலையும் நினைவுகூர்தல் தகும். 1968ஆம் ஆண்டில் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பி. கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் கூடி அச்செயற்கைக் காலை உருவாக்கினர். ரப்பர், மரம் முதலிய எளிய பொருள்களால் ஆன அக்கால், சேற்றிலும் வயலிலும் நடக்க ஏற்றது. சம்மணமிட்டு அமரவும் இடங்கொடுப்பது. மருத்துவரின் கல்வியும் தொழிலாளியின் கைத்திறனும் சேர்ந்தால் ஏழைக்கும் உதவி கிட்டும் என்பதற்கு அது நல்ல சான்று. நாம் வடிக்கும் ரப்பர், நடக்க இயலாதவருக்குக் காலாகவும் ஆனது என்பது தோட்டத்து மக்கள் பெருமைப்படத்தக்க செய்தியன்றோ?

தச்சரும் பொம்மைக் கலைஞரும்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் வாழ்ந்தவர் ரிச்சர்ட் வான் ஆஸ் என்னும் தச்சர். 2011ஆம் ஆண்டில் மரம் அறுக்கும்பொழுது ரம்பத்தில் பட்டு அவர் வலக்கை விரல்கள் துண்டாயின. செயற்கை விரல்களை விலை கேட்டார். அவை அவருக்கு எட்டாத விலையில் இருந்தன. “நான் தச்சன் அல்லனோ? நானே செய்துகொள்வேன்” என்று உறுதி பூண்டார்.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐவன் ஓவன் என்பவர், வேடிக்கை விழா ஒன்றுக்காகப் பெரிய இயந்திரக் கை ஒன்றைச் செய்து, அது இயங்கும் காட்சியை இணையத்தில் வெளியிட்டிருந்தார். அதனைக் கண்ட தச்சர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஒருவரையொருவர் நேரில் பாராமலே, கடல் கடந்து, இருவரும் கூடி உழைக்கலாயினர். பழங்கால முயற்சிகளைத் தேடிய ஓவன் கண்டெடுத்ததுதான் மேலே சொன்ன அடிலெய்டுக் கை. கயிறும் கப்பியும் கொண்ட அதன் எளிய முறை அவர்களுக்கு வழிகாட்டியது.

2012ஆம் ஆண்டில், வலக்கையில் விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் தாயார் அவர்களை நாடினார். தச்சரின் விரலுக்காகத் தொடங்கிய முயற்சி, ஒரு குழந்தையின் கைக்காகத் திசை திரும்பியது. முதலில் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டியும் கடைந்தும் செய்தனர். ஒரு திருத்தம் செய்வதற்கும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் மேக்கர்பாட் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆளுக்கொரு முப்பரிமாண அச்சுப்பொறியை அவர்களுக்கு வழங்கியது. அதன்பின் ஒருவர் அமெரிக்காவில் வரைந்த உறுப்பை மற்றவர் ஆப்பிரிக்காவில் அன்றைக்கே அச்சிட்டு மாட்டிப் பார்க்க முடிந்தது.

அதன் பின்னர் அவர்கள் செய்ததே அருஞ்செயல். 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அக்கையின் வரைபடங்களை எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வெளியிட்டனர். காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட அவர்கள் எண்ணவில்லை. அவ்வாண்டிலேயே நியூயார்க் மாநிலத்தின் இராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜான் ஷல் என்பவர், அச்சுப்பொறி வைத்திருப்போரையும் கை வேண்டுவோரையும் இணைக்கும் முயற்சியைத் தொடங்கினார். ‘இ-நேபிள்’ எனப் பெயர் பெற்ற அத்தொண்டர் அணி இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ளது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றோரும் அதில் தொண்டு செய்கின்றனர்.

அச்சுப்பொறி எவ்வாறு கையைச் செய்கிறது?

அச்சுப்பொறி என்றதும் தாளில் எழுத்தைப் பதிக்கும் இயந்திரமே நம் நினைவுக்கு வரும். முப்பரிமாண அச்சுப்பொறியோ நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய பொருளையே உருவாக்கும்.

அம்மா முறுக்குப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலிருந்து மாவு இழையாக இறங்கி வட்டம் வட்டமாகப் படிகிறது. ஒரு வட்டத்தின் மேல் மற்றொரு வட்டத்தைப் பிழிந்துகொண்டே போனால் என்ன ஆகும்? சிறு சுவரே எழும்பிவிடும். இவ்வியந்திரமும் அவ்வாறே செய்கிறது. மாவுக்குப் பதிலாக, 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை ஒரு சுருளிலிருந்து உள்ளே செல்கிறது. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது உருகி, நுண்ணிய துளை வழியே வெளிவருகிறது. கணினி இட்ட கட்டளைப்படி அத்துளை முனை அங்குமிங்கும் நகர்ந்து, ஒரு படலத்தை வரைந்து முடிக்கும். ஒரு படலத்தின் உயரம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். பின்னர் அதன்மேல் மற்றொரு படலம். அவ்வாறெனில் 2 சென்டிமீட்டர் உயரமுள்ள துண்டுக்கு எத்தனை படலங்கள் வேண்டும்? கணக்கில் வல்ல மாணவர்கள் உடனே ‘நூறு’ என்று விடை கூறியிருப்பார்கள்.

இம்முறையை 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் கண்டுபிடித்தார். நெடுங்காலம் அது பெருந்தொழிற்சாலைகளுக்கே உரியதாக இருந்தது. 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பௌயர், தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் மலிவான இயந்திரத்தை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கி, அதன் விவரங்களை எல்லார்க்கும் வழங்கினார். 2009இல் கிரம்பின் காப்புரிமைக் காலமும் முடிந்தது. அதன் பின்னரே இவ்வியந்திரம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு சிறுவர் கைக்கு வேண்டிய துண்டுகளை அச்சிட ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். பொருத்துவதற்குச் சில மணி நேரம் ஆகும். தொண்டர்கள் செய்யும் எளிய கைக்குரிய மூலப்பொருள்களின் விலை ஏறத்தாழ 50 அமெரிக்க டாலர் அளவே. மருத்துவ நிறுவனங்கள் விற்கும் செயற்கைக் கைகளோ ஆயிரக்கணக்கான டாலர் விலையுடையவை. பிள்ளைகள் வளர வளர, ஆடையைப் போலவே கையும் சிறுத்துப் போகும். அப்பொழுது கணினியில் அளவைச் சற்றே கூட்டிப் புதிய கையை அச்சிட்டுக்கொள்ளலாம். இதுவே இம்முறையின் பெரும் பயன்.

விரல்கள் மடங்குவது எப்படி?

இக்கைக்கு மின்சாரம் வேண்டா, மின்கலமும் வேண்டா. அணிபவரின் மணிக்கட்டே இதன் விசை. கை மூன்று பகுதிகளைக் கொண்டது. முன்கையில் கட்டப்படும் பட்டை ஒன்று. எஞ்சிய உள்ளங்கையை மூடும் உறை ஒன்று. அதில் பொருத்தப்பட்ட விரல்கள் ஐந்து. முன்கைப் பட்டையில் கட்டிய உறுதியான தூண்டில் நூல்கள், மணிக்கட்டின் மேற்புறமாகச் சென்று விரல்களின் நுனியை அடைகின்றன. மணிக்கட்டைக் கீழ்நோக்கி வளைத்தால் நூல் இழுபட்டு விரல்கள் மூடும். மணிக்கட்டை நிமிர்த்தினால், விரல்களின் முதுகுப் பக்கமுள்ள ரப்பர் நாடா அவற்றை மீண்டும் விரித்துவிடும்.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். தடித்த அட்டையில் உங்கள் கையை வைத்து வரைந்து வெட்டுங்கள். மூட்டுகள் வரும் இடங்களில் மடித்து விடுங்கள். பானம் உறிஞ்சும் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மூட்டுகளுக்கு இடையே ஒவ்வொன்றாக உள்ளங்கைப் பக்கத்தில் ஒட்டுங்கள். விரல் நுனியில் நூலை ஒட்டி, அதனைக் குழாய்த் துண்டுகளின் வழியே மணிக்கட்டு வரை கொண்டு வாருங்கள். இப்பொழுது நூலை இழுங்கள். அட்டை விரல் மடங்குவதைக் கண்டு வியப்பீர்கள்! கத்தரிக்கோலைப் பயன்படுத்தும்பொழுது பெரியவர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

நீடித்து உழைக்க வேண்டுமே!

மலிவாக இருந்தால் மட்டும் போதுமா? உறுதியும் வேண்டும். அதற்குக் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, படலங்களின் திசை. விறகை நார் ஓடும் வழியே எளிதில் பிளந்துவிடலாம். குறுக்கே வெட்டுவதுதான் கடினம். அதுபோல் அச்சிட்ட துண்டும் படலத்திற்கும் படலத்திற்கும் இடையேதான் எளிதில் பிரியும். ஆகவே விரலை நிற்க வைத்து அச்சிடாமல், நீளவாட்டில் படுக்க வைத்து அச்சிட்டால் அது எளிதில் முறியாது.

இரண்டாவது, வெப்பம். சோளம் முதலிய தாவர மாவிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக், அச்சிடுவதற்கு எளியது. ஆனால் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கிவிடும். இதில் ஒரு நன்மையும் உண்டு: தட்டையாக அச்சிட்ட பட்டையைச் சுடுநீரில் இட்டு, இளகியதும் அச்சின்மேல் வைத்துக் கையின் வடிவத்திற்கு வளைத்துக்கொள்ளலாம். தீமையும் உண்டு: நம் நாட்டு வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் கையை விட்டுச் சென்றால் அது கோணலாகிவிடக்கூடும்.

மூன்றாவது, தேய்மானம். நூலும் ரப்பர் நாடாவும் நாளடைவில் தேய்ந்து அறும். அவற்றை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். ஒரு விரல் உடைந்தால் முழுக் கையையும் எறிய வேண்டியதில்லை. அவ்விரலை மட்டும் அச்சிட்டு மாட்டலாம். மிதிவண்டிக்கு மாற்று உறுப்பு வாங்குவது போன்றதே இது. ஒருபோதும் உடையாத பொருள் உலகில் இல்லை. உடைந்தால் நம் ஊரிலேயே பழுது பார்க்க முடிகிறதா என்பதே ஏழைக்கு முக்கியமான கேள்வி.

இதன் எல்லைகள்

எந்தக் கருவியையும் அதன் தகுதிக்கு மேல் புகழ்வது தவறு. அசையும் மணிக்கட்டும் உள்ளங்கையில் ஒரு பகுதியும் உள்ளவர்க்கே மேலே கூறிய கை பயன்படும். மணிக்கட்டு இல்லாதவர்களுக்கு, முழங்கை அசைவால் இயங்கும் வேறு அமைப்பு வேண்டும். இக்கையின் பிடி வலிமை குறைந்தது. பந்தையும் குவளையையும் பற்றலாம். பாரம் தூக்கவோ மரமேறவோ இது உதவாது. அடுப்பின் அருகிலும் சுழலும் இயந்திரத்தின் அருகிலும் இதனை அணிந்து செல்லல் ஆகாது. அளவு பொருந்தாவிடில் தோல் உராய்ந்து புண்ணாகும். ஆகவே மருத்துவரையோ செயற்கை உறுப்பு வல்லுநரையோ கலந்து கொண்டே அணிதல் வேண்டும்.

தொடு உணர்வும் இதற்கு இல்லை. அதனால் சில பிள்ளைகள் சின்னாள் அணிந்துவிட்டு, “என் கையே எனக்குப் போதும்” என்று கழற்றி வைத்துவிடுவதும் உண்டு. அதில் தவறொன்றுமில்லை. கை வேண்டுமா, வேண்டாவா என்று முடிவு செய்ய வேண்டியவர் அணிபவரே, பார்ப்பவர் அல்லர்.

பெற்றோர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொக்சோ அமைப்பு 1971இல் தொடங்கப்பட்டது. வேலையில் விபத்து நேர்ந்து உறுப்பை இழந்த காப்பீட்டாளர்கள், செயற்கை உறுப்புக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் அதன் வழி உதவி பெற இடமுண்டு. என் தந்தையாருக்கு அவ்வசதி கிட்டவில்லை. அவருக்கு விபத்து நேர்ந்தது அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர். இன்றுள்ளவர்களோ அறியாமையால் அவ்வுதவியை இழந்துவிடக் கூடாது. விபத்து நேர்ந்தால் உடனே முறையாகத் தெரிவியுங்கள். அதற்குரிய தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இயந்திரத்தின் காப்பு மூடியை அகற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். எந்த அச்சுப்பொறியும் பிறவிக் கைக்கு ஈடான கையைத் தந்துவிட முடியாது.

முடிவுரை

என் தந்தையார் இன்று இருந்து, இக்கையை நான் அவரிடம் கொண்டு சென்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கின்றேன். “இது வேலை செய்யுமா, ஐயா?” என்றுதான் கேட்டிருப்பார். “ஆலை வேலைக்கு ஆகாது, அப்பா. ஆனால் தேநீர்க் குவளையைப் பிடிக்கும். அதுவும் உடைந்தால் நானே செய்து தருவேன்” என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். துண்டைக் கையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஊருக்குள் நடந்திருப்பார் அல்லவா?

மாணவச் செல்வங்களே! திமிங்கில எலும்பைச் செதுக்கியவர் பல் மருத்துவர். விரலுக்கு வழி தேடியவர் தச்சர். இயந்திரக் கையைச் செய்தவர் வேடிக்கைக் கலைஞர். பெரும் பட்டம் பெற்றவரே பிறருக்கு உதவ முடியும் என்பதில்லை. கணக்கும் அறிவியலும் கைத்தொழிலும் கருத்தூன்றிக் கற்றவர் எவரும் உதவலாம். உங்கள் வகுப்பில் கையோ விரலோ குறைந்த தோழர் ஒருவர் இருந்தால், அவரை உற்று நோக்கிக் கூச்சமடையச் செய்யாதீர்கள். உங்களுடன் விளையாட அழையுங்கள். நாளை நீங்கள் கற்கும் அறிவு அவருக்கு ஒரு கை செய்து தரலாம். அதற்கு முன், இன்றே நீங்கள் நீட்டக்கூடிய கை ஒன்று உண்டு. அதுவே நட்பின் கை.

வளர்க அறிவியல்! வாழ்க மனித நேயம்!